கண்ணாடிப் பெட்டியில் இருப்பது அந்த செட் அல்ல

நம் கம்பெனி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இன்றும் நிற்கிற இரும்புக் கம்பம் நான் நட்டது. சாயப்பட்டறையில் கழித்துப் போட்ட குழாய்களைப் பொறுக்கி, நானே பற்றவைத்து, நானே ஏறி நிறுத்தினேன். எத்தனையோ காற்று மழைக்கும் அது அசையவில்லை. மாடிப்படிக்கு அடியில் வேஸ்ட் துணி அடைத்துக் கிடந்த பொந்தை வயர்லெஸ் அறையாக்கியது நான். கேட், பாய்லர், கட்டிங், பேக்கிங், வேன்கள் என்று கம்பெனி முழுக்க வாக்கி டாக்கி பேசியது என்னால். அதற்கான அரசாங்க லைசென்ஸுக்காக மெட்ராஸுக்கு அலைந்து, உள்ளே விடமாட்டேன் என்ற ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து வாங்கி வந்ததும் நான்தான். ஆறாம் வகுப்பில் பாதியோடு பள்ளிக்கூடத்தை விட்டு, வெள்ளகோவில் பக்கம் ஆடு மேய்த்தவன் இத்தனையும் செய்தேன். "இவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டவர்கள் எல்லாம் பிற்பாடு என் குரலைக் கேட்டுத்தான் வண்டி ஓட்டினார்கள்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், கம்பெனி வெள்ளிவிழா மலர் போடுகிறதாம். பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்திருக்கிற கோகிலா என்கிற பெண் வீடு தேடி வந்தாள். நல்ல பெண்தான்.

"அய்யா, ஆபத்துக் காலத்துல வயர்லெஸ் எப்படி உதவுச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. இப்பத்த பசங்களுக்கு செல்போன் விட்டா வேற ஒண்ணும் தெரியறதில்லீங்க."

"ஒரு பக்கமா? யாரு சொன்னாங்க ஒரு பக்கம்னு?"

"யாரும் சொல்லலீங்க. மலர்ல இடம் அவ்வளவுதாங்க."

எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேலே யாரோ சொல்லித்தான் ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் அடங்குகிற காரியத்தை நான் செய்யவில்லை. அதனால் முழுவதையும் எழுதுகிறேன். இன்னொரு காரணம், வரவேற்பறையில் புதிதாக வைத்திருக்கிற கண்ணாடிப் பெட்டி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நான் தொழில் கற்ற கதை பெரிதில்லை. திருப்பூருக்கு வந்து மைக் செட் கடையில் ஒயர் சுற்றினேன். அப்புறம் ரேடியோ ரிப்பேர். அப்புறம் பனியன் கம்பெனிகளுக்கு இன்டர்காம் போட்டேன். இங்கிலீஷ் தெரியாது, ஆனால் ஒரு பெட்டியைத் திறந்தால் எது எதோடு பேசுகிறது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். அது பிறவியிலேயே வந்தது.

கம்பெனிக்கு வயர்லெஸ் வந்தது ஒரு தீயினால். இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேஸ்ட் துணி கோடவுனில் தீப்பிடித்தது. பஞ்சுத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கிற இடத்தில் தீ நடக்காது, ஓடும். நான் போட்ட இன்டர்காம் ஒயர் அந்தக் கோடவுன் கூரை வழியாகத்தான் போயிற்று. அப்படிப் போடாதீர்கள் என்று நான் அப்போதே சொன்னேன்; ஒயர் மிச்சம் பிடிக்கிறோம் என்று என்னைப் போட வைத்தார்கள். தீயில் முதலில் போனது அந்த ஒயர்தான். முன் கேட்டில் காவலுக்கு இருந்த சுப்பையனுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. துணி திருட்டுக்குப் பயந்து சாப்பாட்டு நேரத்தில் கேட்டைப் பூட்டி வைப்பது வழக்கம். தீயணைப்பு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது, சுப்பையன் உள்ளேயிருந்து, "ஆரு சொல்லி வந்தீங்க? ஆபீஸ்ல கேக்கோணுமுங்க" என்று இன்டர்காம் கட்டையைத் தட்டிக்கொண்டிருக்கிறான். நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

அன்று சாயங்காலம் முதலாளி, நாங்கள் பெரியவர் என்று சொல்வோம், என்னைக் கூப்பிட்டார். கரி படிந்த சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"நாச்சிமுத்து, கம்பி இல்லாமப் பேசறதுக்கு வழி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"உங்களால ஆகுமுங்களா?"

"என்னால ஆகாட்டி திருப்பூர்ல ஆராலயும் ஆகாதுங்க."

பெரியவர் சிரித்தார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் மேலே சொன்னதுதான்.

வாக்கி டாக்கி செட் வாங்குவது சுலபம். பேசுகிறவர்களைப் பழக்குவதுதான் கஷ்டம். நான் இரண்டு விதி வைத்தேன். ஒன்று, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "சரிங்க" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சரி என்கிறவர்களில் பாதிப்பேர் கேட்காமலே சரி என்கிறார்கள். நான் சொன்ன வார்த்தை அவன் வாயிலிருந்து எனக்குத் திரும்பி வர வேண்டும். இரண்டு, எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் ஊர்ப் பேரைச் சொல்லக் கூடாது. இடது கைப்பக்கம் என்ன தெரிகிறது என்று சொல்ல வேண்டும். ஊர்ப் பேரை வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டும் சொல்லலாம்.

இதற்கும் டிரைவர்கள் மசியவில்லை. பொய் சொல்வதில் அவர்களுக்கு ஒரு நேக்கு இருந்தது. அதனால் நான் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே என் செட்டை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்றுவேன். ஏரியலைக் கொஞ்சம் தளர்த்தி விடுவேன். ஆள் பக்கத்தில் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் கழற்றியே விடுவேன். ஒரு பக்கம் திரும்பும்போது குரலோடு உமி சலிக்கிற மாதிரி ஒரு இரைச்சல் ஏறும். அந்த நேரத்தில் என் முதுகு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில் ஆள் இருக்கிறான். நம் உடம்பு நடுவில் நின்று அலையை மறைக்கிறது, அவ்வளவுதான் சூட்சுமம். இதைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் வேறு பேர் சொல்லிச் செய்வார்களாம். எனக்குப் பேர் தெரியாது, வேலை தெரியும்.

இதில் முதலில் அகப்பட்டவன் பழனிச்சாமி. ஊத்துக்குளிப் பக்கத்து வேனை ஓட்டியவன். ஒருநாள் வண்டி வர நேரமாகிக்கொண்டே போகிறது. செட்டில் கூப்பிட்டேன்.

"எங்கீங்க பழனிச்சாமி?"

"ரயில்வே கேட்டுல நிக்கிறேனுங்ணா. சாத்திப்போட்டாங்க."

"இடது கைப்பக்கம் என்னங்க தெரியுது?"

"வெண்ணெய் விக்கற அம்மா உக்காந்திருக்குதுங்ணா."

"வெண்ணெய் என்ன வெலைன்னு கேட்டுச் சொல்லுங்க. ஊட்டுக்கு வேணும்."

அவன் கேட்கிற மாதிரி கேட்டு, அந்த அம்மா பேசுகிற மாதிரி இவனே குரல் மாற்றிப் பேசி, பேரம் வேறு நடத்தினான். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன். என் முதுகு காட்டிய பக்கம் கம்பெனியின் பின்சுவர். அதற்கு அந்தப் பக்கம் டீக்கடை. போய்ப் பார்த்தால், பெஞ்சில் காலை மடக்கி உட்கார்ந்து, ஒரு கையில் டீ, ஒரு கையில் செட். "அந்தம்மா வெலயக் கொறைக்க மாட்டீங்குதுங்ணா" என்கிறான். நான் பின்னால் நின்று சொன்னேன்:

"போச்சாது, உடு கண்ணு. எனக்கும் ஒரு டீ சொல்லு."

அன்றிலிருந்து டிரைவர்கள் எனக்கு மோப்ப நாய் என்று பேர் வைத்தார்கள். என் காதுபடவே சொல்வார்கள். நான் கவலைப்படவில்லை. ஆனால் வேனில் செட்டை டிரைவரிடம் கொடுப்பதை அன்றோடு நிறுத்தினேன். வேனில் போகிற பெண்களில் ஒருவர் கையில் கொடுத்தேன். ஊத்துக்குளி வேனில் அது ஜெபக்கனியின் கையில் இருந்தது. செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். "நான் அண்ணாச்சி இல்லீங்க, மளிகைக் கடை வெக்கலீங்க" என்றால், "அப்பம் வச்சிருங்க அண்ணாச்சி, நல்லா யாவாரம் ஆவும்" என்பார். பொய் சொல்லத் தெரியாத வாய். அதனால்தான் கொடுத்தேன்.

இந்தச் சமயத்தில்தான் வரதராஜன் சார் மேனேஜராக வந்தார். அவரைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும்.

கோயமுத்தூர்க்காரர். சட்டையில் ஒரு மடிப்புக் கலைந்து நான் பார்த்ததில்லை. கோபப்படவே மாட்டார். ஒரு கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றுவார். பாக்கெட்டிலிருந்து வெள்ளைப் பனியன் துணி ஒன்றை எடுத்து, ஒரு பக்கம் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபக்கம் துடைத்து, மாட்டிக்கொண்டு, "பார்க்கலாம்ங்க" என்பார். ஆம் என்றோ இல்லை என்றோ அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர்களிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சத்தம் போடுகிறவன் மனதில் இருப்பதைக் கொட்டிவிடுவான். துடைக்கிறவன் எதைத் துடைக்கிறான் என்று நமக்கு எப்படித் தெரியும்?

அவருடைய மச்சினன் பழைய பஸ் நிலையம் பக்கம் செல்போன் கடை வைத்திருந்தார். இதை நான்தான் விசாரித்துக் கண்டுபிடித்தேன். வந்த கொஞ்ச நாளிலேயே, "இனிமே எல்லாரும் செல்போனுங்க. இந்த செட்டெல்லாம் எத்தனை நாளைக்குங்க?" என்று பேச ஆரம்பித்துவிட்டார். நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அப்புறம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் வருகிறார் என்று கம்பெனிக்கு வெள்ளையடித்தார்கள். என் செட்டுகளில் சாயக் கறையும் ஒட்டுப் போட்ட டேப்பும் இருப்பது மேனேஜர் கண்ணில் பட்டது. "இதுக்கெல்லாம் ஒரு கவர் தைச்சுடலாம்ங்க. பையர் பார்த்தா அழகா இருக்கட்டும்ங்க" என்றார். சாம்பிள் செக்‌ஷனில் மிச்சம் கிடந்த, இழுத்தால் நீளுகிற ரிப் துணியில், உடம்போடு ஒட்டின பனியன் மாதிரி ஒவ்வொரு செட்டுக்கும் உறை தைத்தார்கள். கம்பெனி லேபிள் வேறு. பேசுகிற பட்டன் துணிக்கு உள்ளே. அதை அமுக்கினால் துணியோடு அமுங்கும்.

"செட்டுக்கு எதுக்குங்க சட்டை?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "பார்க்கலாம்ங்க."

மற்றவர்களுக்கு உறை ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு, இவர் எதற்கோ அடி போடுகிறார் என்றே பட்டது.

ஐப்பசி மழை. காலையிலிருந்து விடாமல் ஊற்றுகிறது. கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டரில் சாயப்பட்டறை மட்டும் ஓடுகிறது. சாப்பாடு முடிந்ததும் வெளியூர்ப் பெண்களையெல்லாம் வேனில் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். ஊத்துக்குளி வேனும் போயிற்று. அதற்கு முந்தின நாள்தான் மேனேஜர் ஒரு பெட்டி நிறையச் செல்போனைப் பெரியவர் மேஜையில் கொண்டுபோய் வைத்திருந்தார். இதை மறக்காதீர்கள்.

வயர்லெஸ் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். திடீரென்று செட்டில் விளக்கு எரிந்தது. எரிந்தது எரிந்தபடியே இருக்கிறது. யாரோ பட்டனை அமுக்கிவிட்டார்கள், விடவில்லை. யாராவது ஒருவர் அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த சேனலில் மற்றவர் யாரும் பேச முடியாது. அமுக்கியவருக்கும் வேறு யார் குரலும் கேட்காது. ஊரே வாயடைத்துப் போகும். மழை நாளில், எல்லா வண்டியும் ரோட்டில் இருக்கும்போது.

எனக்கு முதலில் என்ன தோன்றியிருக்கும்? வயர்லெஸ் உதவாது என்று பெரியவருக்குக் காட்ட இதைவிட நல்ல நாள் கிடையாது. நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் செட் மேஜையில் சும்மா கிடந்தது. பாய்லர், கட்டிங், பேக்கிங் எல்லா இடமும் ஓடி, ஒவ்வொருவர் கையிலிருந்த செட்டையும் வாங்கிப் பார்த்தேன். ஒருவரும் அமுக்கவில்லை. பேக்கிங்கில் ஒருவன், "மோப்பம் புடிச்சாச்சுங்களாண்ணா?" என்றான்.

மேனேஜர் என் பின்னாலேயே வந்தார். "நாச்சிமுத்து, எல்லாரையும் ரெண்டாவது சேனலுக்கு மாத்திடுங்க. ஒண்ணாவதை விட்டுடுங்க" என்றார்.

மாற்றச் சொன்னது சரி. ஏன் விடச் சொல்கிறார்? அதுதான் எனக்கு உறுத்தியது. நான் கம்பெனிக்குள் எல்லாரையும் இரண்டாவதுக்கு மாற்றினேன்; ஒன்று அடைத்துக்கொண்டால் இரண்டுக்குப் போக வேண்டும் என்று வேன்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். ஆனால் என் கையில் ஒரு செட்டை ஒன்றிலேயே வைத்துக்கொண்டேன். இரண்டாவதில் வேன்களைக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. ஊத்துக்குளி வேன் மட்டும் வரவில்லை. பழனிச்சாமியின் செல்போனுக்கு மேனேஜர் அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஜெபக்கனி செட்டைப் போட்டு விளையாடுகிற ஆள் இல்லை.

கையிலிருந்த செட்டைக் காதோடு வைத்துக் கேட்டேன். இரைச்சல். மழை என்று நினைத்தேன். மழை விட்டு விட்டுப் பெய்யும். இது விடாத ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் ஒரு குரல்.

"ஜன்னல்ல கால வச்சு ஏறுட்டி... கீழ பாக்காத... ஏசப்பா..."

மேனேஜரிடம் நீட்டினேன். கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார், இந்தத் தடவை துடைக்கவில்லை, கையில் பிடித்தபடியே நின்றார். வேன் தண்ணீரில் மாட்டியிருக்கிறது. பெண்கள் வேன் கூரைமேல் ஏறுகிறார்கள்.

எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். ஊத்துக்குளி போகிற வழியில் ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். மெயின் ரோட்டில் பெரிய பாலம் இருக்கிறது. அது போக, தோட்டங்களுக்கு நடுவே குறுக்கு வழிகளில் இரண்டு தரைப்பாலங்கள்: ஒன்று ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், இன்னொன்று மேற்கே தள்ளி ஒரு தென்னந்தோப்புக்கு அருகில். வேன் மெயின் ரோட்டில்தான் போக வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. அதனால் மேனேஜர் ஆபீஸ் போனில் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டுப் பெரிய பாலத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்.

"உத்தரவுப்படி போறவனுங்களா பழனிச்சாமி?" என்றேன். "நான் பார்த்துச் சொல்றேனுங்க."

மொட்டை மாடிக்கு ஓடினேன். செட் நனையாமல் துணி பேக் பண்ணுகிற பிளாஸ்டிக் பையில் போட்டு, நெஞ்சோடு பிடித்து, மழையில் சுற்ற ஆரம்பித்தேன். மேனேஜர் குடையோடு ஏறி வந்தார். "என்னங்க, மந்திரிக்கிறீங்களா?" என்றார். நான் சுற்றுவதை நிறுத்தவில்லை. இரைச்சல் ஏறிய இடத்தில் நின்று, கட்டிங் சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன். மழை அழித்தது, மறுபடி போட்டேன். திரும்பத் திரும்ப அதே கோடுதான் வந்தது. பெரிய பாலத்துக்கு வெகுவாக இடது பக்கம் காட்டியது. ஆனால் இரண்டு தரைப்பாலமும் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தன. எந்தப் பாலம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. இதற்குள் குரல் கொஞ்சம் மெலிந்திருந்தது. அமுக்கியபடியே இருக்கிற செட் பேட்டரியைக் குடித்துவிடும். செத்துப்போனால் அப்புறம் சுற்றுவதற்கு ஒன்றும் இருக்காது.

மேனேஜர் காரை எடுத்தார். அவரே ஓட்டினார். சேனலுக்கு ஒன்றாக இரண்டு செட்டை நான் எடுத்துக்கொண்டு, வயர்லெஸ் அறையில் சுப்பையனை உட்கார வைத்தேன். இரண்டாவது சேனலில் நான் சொல்வதை ஆபீஸ் போனில் தீயணைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று. கார் போகிற வழியெல்லாம் நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

ரோடு தண்டவாளத்தை ஒட்டிப் போகிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். இறங்கிச் சுற்றினேன். தண்ணீரின் இரைச்சலே பெரிதாக இருந்தது. திசை சரியாகப் பிடிபடவில்லை. அப்போது ஈரோட்டுப் பக்கம் போகிற ரயில் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. நான் வாயில் வந்தபடி திட்டினேன், காது கேட்கவில்லை என்று. ரயில் போய் மறைந்தது. சித்த நேரம். அப்புறம் என் கையிலிருந்த செட்டுக்குள் ஹாரன் கேட்டது. தடதடவென்று சத்தம். எனக்கு முன்னால் போன ரயில் இப்போது செட்டுக்குள் ஓடியது.

"ரயிலு போவுதுட்டி! கைய ஆட்டுங்கட்டி! எல்லாரும் ஆட்டுங்க!"

தென்னந்தோப்புப் பாலத்துக்கு ரயில் சத்தம் இத்தனை பக்கத்தில் கேட்காது. நான் காருக்கு ஓடினேன்.

"தண்டவாளத்துப் பக்கம் இருக்கற தரைப்பாலமுங்க. தீயணைப்பு வண்டியைத் திருப்பச் சொல்லோணும்."

மேனேஜர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டார்: "உறுதிங்களா?"

"உறுதிங்க."

"பெரிய பாலத்துல இருந்து வண்டியை நாம எடுத்துட்டு, அவங்க அங்கதான் இருந்தாங்கன்னா? தப்பாப் போச்சுன்னா என்னங்க பதில் சொல்றது?"

"தப்பாப் போச்சுன்னா நாச்சிமுத்து சொன்னான்னு சொல்லுங்க. எம்பேரைச் சொல்லுங்க."

அவர் செல்போனை எடுத்து அடித்தார். சிக்னல் இல்லை. என் செட்டைக் காட்டினார். நான் இரண்டாவது சேனலில் கூப்பிட்டேன்.

"சுப்பையா, தீயணைப்பு வண்டி பெரிய பாலத்துக்குப் போக வேண்டாம். தண்டவாளத்துக்குப் பக்கத்துத் தரைப்பாலம். வேன் மேல பொம்பளையாளுங்க. திருப்பிச் சொல்லு."

"வண்டி பெரிய பாலத்துக்குப் போகோணும். வேன் மேல பொம்பளையாளுங்க."

"போக வேண்டாம்னு சொன்னேன்டா! திருப்பிச் சொல்லு!"

"பெரிய பாலம் வேண்டாமுங்க. தண்டவாளத்துப் பக்கம் தரைப்பாலம். வேன் மேல பொம்பளையாளுங்க."

"ஆமா. சொல்லு, ஓடு."

'சரிங்க' என்ற ஒரு வார்த்தையை நான் ஒத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் தோட்டத்துப் பாதையில் திரும்பும்போது ஒன்றாவது சேனலில் விளக்கு மங்கி, ஒருமுறை துடித்து, அணைந்தது. பேட்டரி முடிந்துவிட்டது.

வேன் பாலத்து ஓரக் கல்லில் சாய்ந்து மாட்டி நின்றது. செந்தண்ணீர் ஜன்னல் மட்டத்துக்கு ஓடுகிறது. கூரைமேல் பெண்கள் ஒருவரை ஒருவர் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பழனிச்சாமி மட்டும் கூரைக்கு ஏறாமல், தண்ணீரில் கதவைப் பிடித்து நின்று, ஒரு பெண்ணின் காலைத் தன் தோளில் தாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பற்றிச் சொன்னதையெல்லாம் சொன்னேன்; இதையும் சொல்ல வேண்டும். தீயணைப்பு வண்டி எங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தது. தோட்டத்து ஆட்களும் ஓடி வந்தார்கள். கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கினார்கள். எல்லாரும் கரை சேர்ந்து கொஞ்ச நேரத்தில் வேன் கல்லை விட்டுப் புரண்டு போயிற்று. வண்டி பெரிய பாலத்துக்குப் போய்ச் சுற்றி வந்திருந்தால், வெறும் பாலத்தைத்தான் பார்த்திருப்போம்.

ஜெபக்கனி கரைக்கு வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தார். நடுங்குகிற உடம்பு, ஆனால் வாய் நடுங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, எவ்வளவு நேரமாக் கத்துதேன்! ஒரு வார்த்த பதில் சொன்னீரா? காதுல பஞ்சு வச்சிருந்தீரா?"

"கேட்டதுனாலதானுங்க வந்தோம்."

"கேட்டா வாயத் தொறந்து சொல்ல வேண்டாமா?"

கழுத்தில் தொங்கிய செட்டை வாங்கிப் பார்த்தேன். உறை தோல் மாதிரி இறுகி, பட்டனை உள்ளே அமுக்கிப் பிடித்திருந்தது. கையால் கழற்ற முடியவில்லை. செக்கிங் பெண்கள் நூல் வெட்ட வைத்திருக்கிற சின்னக் கத்தரி அவர் இடுப்பில் இருந்தது. அதை வாங்கித்தான் உறையை வெட்டினேன். பட்டன் டக்கென்று வெளியே வந்தது.

"சாயம் பட்டுட்டுன்னு நேத்து வெந்நியில போட்டுத் தொவச்சேன் அண்ணாச்சி. காஞ்சப்புறம் போட முடியல, இழுத்துத்தான் மாட்டுனேன். தண்ணி பட்டதும் இன்னும் இறுகிட்டு போல."

மேனேஜர் வெட்டின உறையை வாங்கி விரலால் இழுத்துப் பார்த்தார். உயிர் தப்பிய பெண்கள் சுற்றி நிற்கிறார்கள், மழை பெய்கிறது, அவர் கேட்டார்: "இந்தத் துணியை காம்பாக்டிங் பண்ணலைங்களா?"

துணி சுருங்காமல் இருக்கப் போடுகிற மெஷின் அது. ஊருக்கெல்லாம் பனியன் அனுப்புகிற கம்பெனி, துவைத்தால் சுருங்குகிற துணியில் தன் செட்டுக்குச் சட்டை தைத்திருந்தது. அந்தத் தப்பை வேறு எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். யாரும் அமுக்கவில்லை, துணி அமுக்கியது. மேனேஜர் வேண்டுமென்று செய்யவில்லை என்று அன்று தெரிந்தது. ஆனால் பழனிச்சாமி ஏன் குறுக்கு வழியில் போனான் என்பது இன்றும் சரியாகத் தெரியவில்லை. யார் வீட்டுக்கோ வெண்ணெய் வாங்கப் போனதாகச் சொன்னான். யார் வீட்டுக்கு என்று கேட்டால் மேனேஜரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். என் சந்தேகம் எனக்கு.

பிறகு நடந்த பாராட்டு விழாவில் மேனேஜருக்குச் சால்வை. மேனேஜர் செல்போனில் கொடுத்த தகவலால் உயிர்கள் தப்பின என்று ஒருவர் மேடையில் பேசினார். செல்போன் அன்று யாருக்கும் கேட்கவில்லை என்று சொல்ல நான் எழுந்தேன்; மைக்கை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச காலத்தில் எல்லார் கையிலும் செல்போன் வந்தது. செட்டுகளை மூட்டை கட்டினார்கள். அந்த மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் பெரியவர் தன் கையால் என்னிடம் கொடுத்தார். "ஜெபக்கனிம்மா கழுத்துல இருந்த செட்டு. இது உங்ககிட்டயே இருக்கட்டும்ங்க நாச்சிமுத்து" என்றார். பெரியவர் இன்று இல்லை. இருந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்கு வருகிறேன். வரவேற்பறையில் வெல்வெட் துணிமேல் ஒரு செட் வைத்திருக்கிறார்கள். 'வெள்ளத்தில் ஊழியர் உயிர் காத்த வயர்லெஸ் கருவி. நிர்வாகத்தின் தொலைநோக்குக்குச் சான்று' என்று எழுதியிருக்கிறது. அது அந்த செட் அல்ல. என் ஒவ்வொரு செட்டுக்கும் பேட்டரி மூடிக்கு உள்பக்கம் நான் ஊசியால் அடையாளம் கீறியிருப்பேன், யாரும் மாற்றிவிடக் கூடாது என்று. பெட்டியைத் திறந்து மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்றேன். சாவி இல்லை என்கிறார்கள். பாய்லர் ரூமில் கிடந்த செட்டாக இருக்கும் என்பது என் யூகம்.

உண்மையான செட் என் வீட்டு பீரோவில் இருக்கிறது. ஜெபக்கனி வெட்டுப்பட்ட உறையைத் துவைக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார். இரண்டையும் கம்பெனிக்குக் கொடுக்க நாங்கள் தயார். ஆனால் அந்த எழுத்தை மாற்ற வேண்டும். தண்ணீரிலும் பேச்சை நிறுத்தாத ஜெபக்கனி பேர் வர வேண்டும். தோளில் தாங்கிய பழனிச்சாமி பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். கம்பம் நட்டு, செட் பழக்கி, சுற்றிச் சுற்றி இடத்தைக் கண்டுபிடித்த என் பேர் முதலில் வர வேண்டும்.

கோகிலா, இதில் ஒரு வரியும் வெட்டாதே கண்ணு. ஜெராக்ஸ் எடுத்து ஜெபக்கனியிடம் ஒன்று கொடுத்திருக்கிறேன். அவர் வாயைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

அன்று காருக்குள் மேனேஜர் கேட்டபோது, தப்பாகப் போனால் என் பேரைச் சொல்லுங்கள் என்றேன். அவரும் ஒத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். தப்பாகப் போகவில்லை. அதே பேரைப் போடுங்கள்: வெ. நாச்சிமுத்து.